கதிர்காம வழியிலே திருக்கோவில்: சென்று காண வேண்டியதன் காரணங்கள்

மட்டக்களப்பு என்றவுடன் பலர் நினைவில் எழுவன வாவியும், நிலவொளியிலே கல்லடிப் பாலத்தடியிற் கேட்கும் மீன்களின் இசையும், புளியந்தீவுக் கோட்டையுமேயாம். இவை சிறப்புடையன என்பதில் ஐயமில்லை. எனினும் மட்டக்களப்பு என்பது ஒரு நகரின் பெயராக மட்டும் முற்காலத்தில் வழங்கியதன்று. வடக்கே வெருகலாறு தொடக்கம் தெற்கே குமுக்கனாறு வரை நீண்டு கிடந்த ஒரு தேசத்தின் பெயராகவே அது வழங்கிற்று. அத்தேசம் தன்னை ஒருங்கே திரட்டிக் காட்டிய இடம் கோட்டையமைந்த புளியந்தீவு அன்று. தெற்கே, கடலோரமாக, மணல் வெளியில் அமைந்த திருக்கோவில் என்னும் ஊரே அவ்விடமாகும்.

இன்று திருக்கோவில் கதிர்காம யாத்திரிகர் தங்கிச் செல்லும் ஒரு தரிப்பிடமாகவே பெரும்பாலாரால் அறியப்படுகின்றது. பேருந்திற் செல்வோர் அதனை அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட ஓர் ஊராகக் கடந்து விடுகின்றனர். 1961 ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்பட்டபோது இவ்வூர் நிருவாக வரைபடத்தில் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தும் போயிற்று. வழியில் உள்ளதோர் ஊராக மட்டும் இதனைக் கருதுதல் பொருந்தாது என்பதையும், வரலாற்றில் நாட்டமுடையோர் இதனைத் தனியே நாடிச் சென்று காண்பதற்குத் தக்க காரணங்கள் உள என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழியும் ஊரும்

கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்பவன் எழுவான்கரை வழியே செல்கின்றான். ஒரு புறம் கடல்; மறுபுறம் வாவி; வாவிக்கு அப்பால் வயலும் காடும் விரிந்த படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்னும் இவ்விரு பெயர்களிலும் அந்நிலத்தின் அமைப்பு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் தொடர்ந்து வருவன. தமிழர் ஊரும் முசுலிம் ஊரும் மாறி மாறி அமைந்த இவ்வழியைப் போன்றதொன்றை ஈழத்தில் வேறெங்கும் காண்டல் அரிது. பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும், காரைதீவிலே விபுலாநந்த அடிகள் 1892 ஆம் ஆண்டு பிறந்த மண்ணும் வழியிலேயே உள்ளன. கல்முனையை அண்டியே வாவி முடிந்துவிடும். அதன்பின் வயல்வெளிகளினூடாகச் சென்று, அக்கரைப்பற்றையும் கடந்து ஏழெட்டு மைல் போனால், தம்பிலுவிலும் அதனை ஒட்டித் திருக்கோவிலும் எதிர்ப்படும்.

திருக்கோவில் என்பது ஓர் ஊருக்கு இட்ட பெயர் போன்றதன்று. அது ஒரு பொதுப்பெயர். எந்த ஊரிலும் திருக்கோவில் இருக்கலாம். ஆயினும் அடைமொழி எதுவுமின்றித் 'திருக்கோவில்' என்ற மாத்திரத்தே இவ்விடத்தையே குறிக்குமாறு அச்சொல் நிலைபெற்றிருப்பின், சுற்றியிருந்த மக்கள் இதனை எவ்வாறு மதித்தனர் என்பது விளங்கும். கோயிலின் புகழ் ஊரின் பழைய பெயர்களை விழுங்கிவிட்டது. நாகர்முனை, கந்தபாணத்துறை என்பன அப்பழைய பெயர்களாகச் சொல்லப்படுவன. முனை, துறை என்னும் இரு சொற்களும் கடலோடு தொடர்புடையவை. கோயிலூராகப் பெயர்பெறு முன்னர் இது கரையூராகவும் அறியப்பட்டிருந்தது என்பதை இப்பெயர்கள் இன்றும் சொல்லி நிற்கின்றன. சித்திர வேலாயுத சுவாமி கோயில் இன்றும் கடலைப் பார்த்தே நிற்கின்றது. வாயிலில் நின்றால் அலையோசை கேட்கும்.

கருவறையில் வழிபடப்பெறுவது வேல். இறைவனது படையையே இறைவனாகக் கொள்ளும் இவ்வழிபாடு கிழக்கிலங்கையின் பழமையான முருக வழிபாட்டு நெறியைக் காட்டுவது. சூரனோடு பொருத வேலிலிருந்து மூன்று கதிர்கள் பிரிந்து, ஒன்று உகந்தை மலையிலும், ஒன்று திருக்கோவிலிலும், ஒன்று மண்டூரிலே தில்லை மரத்திலும் தங்கின என்றும், அவற்றை முதலில் வழிபட்டோர் வேடர் என்றும் ஐதிகம் கூறும். ஐதிகத்தை அப்படியே வரலாறாகக் கொள்ளல் ஆகாது. ஆனால் அதனுள்ளே ஒரு வரலாற்றுச் செய்தி பொதிந்துள்ளது. உகந்தை, திருக்கோவில், மண்டூர் ஆகிய மூன்றையும் வரைபடத்திலே தொடுத்துப் பார்த்தால், படுவான்கரையிலிருந்து கடலோரம் வழியாகக் கதிர்காமக் காட்டின் வாயில் வரை ஒரு பாதை தெரியும். கதையின் மூன்று கதிர்களும் ஒரு வழியின் மூன்று நிலைகளே. வழி இருந்தமையாற் கதை பிறந்ததோ, கதை இருந்தமையால் வழி நிலைத்ததோ என்பதைப் பிரித்தறிதல் கடினம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி வந்தன என்பது தெளிவு.

கல் சொல்லும் செய்தி

திருக்கோவிலை நாடிச் செல்வதற்குரிய முதற் காரணம் அவ்வட்டாரத்திற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டாகும். தம்பிலுவில், திருக்கோவிற் பகுதிக்குரிய இச்சாசனம் சிறீ சங்கபோதி என்னும் பட்டமும் திரிபுவனச் சக்கரவர்த்தி என்னும் விருதும் பூண்ட விஜயபாகு தேவனின் பத்தாம் ஆட்சியாண்டைக் குறிப்பிட்டு, சிவஞானசங்கரர் கோயிலுக்கு அளிக்கப்பட்ட மானியத்தைச் சொல்கின்றது. இம்மன்னன் கோட்டையிலிருந்து ஆண்டு, 1521 ஆம் ஆண்டு தன் மைந்தரின் கிளர்ச்சியிலே கொலையுண்ட ஆறாம் விஜயபாகு என ஆய்வாளர் கருதுவர்.

ஒரு சிறு கல்லிற் பொறித்த சில வரிகள் எத்தனை செய்திகளைத் தருகின்றன என்பதை நோக்குதல் வேண்டும். சங்கபோதி என்பது அநுராதபுர காலந்தொட்டுச் சிங்கள மன்னர் மாறிமாறிப் பூண்டுவந்த பட்டம். பௌத்த அரச மரபோடு பிணைந்தது. திரிபுவனச் சக்கரவர்த்தி என்பதோ சோழ பாண்டிய மன்னர் மெய்க்கீர்த்திகளில் நாம் காணும் விருது. இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கிய ஒரு மன்னனின் பெயரால், தமிழ் மொழியிலே, ஒரு சிவன் கோயிலுக்கு மானியம் வழங்கப்படுகின்றது. அரசனின் சமயம் ஒன்று, மானியம் பெற்ற கோயிலின் சமயம் வேறொன்று, சாசனத்தின் மொழி அவ்வூர் மக்களின் மொழி. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஈழத்தை இன்றைய இனப்பிரிவினைக் கண்ணாடி கொண்டு நோக்குவோருக்கு இக்கல் தக்க மறுமொழியாகும். ஆளவந்தவன் எவனாயினும் அப்பகுதி மக்களின் கோயிலை மதித்தே ஆளவேண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

இன்னுமொரு சிந்தனையையும் இக்கல் எழுப்புகின்றது. சாசனம் சொல்வது சிவஞானசங்கரர் கோயில்; இன்று அங்கு ஓங்கி நிற்பது வேலாயுதர் கோயில். ஒரே வட்டாரத்திற் சிவன் கோயிலும் வேற்கோயிலும் அருகருகே இருந்து, பின்னது நிலைத்து முன்னது மறைந்திருக்கலாம். அன்றி அரசவை வழக்கிற் சிவன் பெயராலும் மக்கள் வழக்கில் வேலின் பெயராலும் ஒரே கோயில் வழங்கியிருக்கலாம். ஆகம நெறியும் நாட்டார் நெறியும் அடுத்தடுத்து வாழ்ந்த கிழக்கிலங்கையிலே இவ்விரண்டும் நிகழத்தக்கனவே. நூலகத்தில் இருந்து சாசனத் தொகுதியைப் புரட்டுவோனுக்கு இக்கேள்வி ஒரு சொல்லாராய்ச்சி. கோயில் வீதியிலே நின்று கடலையும் வயலையும் நோக்குவோனுக்கோ அது அந்நிலத்தின் வாழ்க்கையைப் பற்றிய கேள்வியாகின்றது.

ஏடு சொல்லும் செய்தி

இரண்டாவது காரணம் ஏட்டு மரபு. மட்டக்களப்பு மான்மியம் என்னும் நூல் எவ். எக்ஸ். சி. நடராசாவினாற் பதிப்பிக்கப்பட்டு 1962 ஆம் ஆண்டு வெளிவந்தது. 1964 ஆம் ஆண்டு வித்துவான் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' வெளியாயிற்று. இவ்விரு நூல்களும் கிழக்கிலங்கை வரலாற்றைக் கற்போர் தவிர்க்க முடியாதன. மான்மியத்திலே திருக்கோவில் அடிக்கடி பேசப்படுகின்றது. கலிங்க மரபினரான அரசர் அதனை எடுப்பித்ததும், அதற்கு நிலமும் ஊழியமும் வகுத்ததும், குடிகளுக்கு வரிசை அமைத்ததும் அங்கு விரித்துரைக்கப்படுகின்றன. மட்டக்களப்பின் அரசியல் வரலாறும் திருக்கோவிலின் வரலாறும் அந்நூலிற் பிரிக்க முடியாதவாறு பின்னிக் கிடக்கின்றன.

அந்நூல் போற்றும் அரசருள் தலையாயவன் மாகோன். இவன் கி.பி. 1215 ஆம் ஆண்டு படையோடு வந்திறங்கிப் பொலனறுவையைக் கைப்பற்றிய கலிங்க மாகனே என்பர். இவனைப் பற்றிச் சூளவம்சம் கூறுவது முற்றிலும் மாறானது. விகாரைகளை அழித்தவன், மக்களை வருத்தியவன், கேரள வீரரைக் கொண்டு நாட்டைச் சூறையாடியவன் என அந்நூல் அவனைப் பழிக்கின்றது. மட்டக்களப்பு மரபோ அவனைச் சட்டம் வகுத்தவனாகவும், கோயில்களுக்கு ஒழுங்கு அமைத்தவனாகவும், குடிகளை நிலைநிறுத்தியவனாகவும் காட்டுகின்றது. 'மாகோன் வகுத்தது' என்று சொன்னால் மறுபேச்சில்லை என்னுமளவுக்கு அவன் பெயர் கிழக்கிலே ஒரு பிரமாணமாயிற்று.

ஒரே அரசன் ஓரிடத்தில் அழிப்பவனாகவும் மற்றோரிடத்தில் ஆக்குபவனாகவும் தோன்றுவானேன்? சூளவம்சத்தை எழுதியோர் தம் விகாரைகளின் நிலங்களை இழந்த சங்கத்தைச் சேர்ந்தோர். மான்மியத்தின் செய்திகளைப் பேணியோர் தம் கோயிலுரிமைகளை அவன் பெயரால் நிறுவிக் கொண்ட குடியினர். இரு சாராரும் தத்தம் நிலத்திலும் உரிமையிலும் நின்று பேசினர். வரலாற்று மாணவனுக்கு இது பெரிய பாடம். மான்மியத்தை வெறும் புனைகதை என்று தள்ளுவோர், சூளவம்சமும் ஒரு தரப்பின் கூற்றே என்பதை மறந்து விடுகின்றனர். மான்மியத்தை அப்படியே நம்புவோரோ, பிற்காலத்து உரிமை வழக்குகள் பழங்கால அரசரின் வாயில் ஏற்றப்பட்டிருக்கலாம் என்பதை மறக்கின்றனர். இவ்விரு தவறுகளிலிருந்தும் தப்புவதற்கு வழி, அந்த ஏடு எதற்காகப் பேணப்பட்டதோ அந்தக் கோயிலின் நடைமுறையைக் கண்ணாற் காண்பதேயாகும்.

தேசத்துக்கோயில்

அந்நடைமுறையே மூன்றாவது காரணம். மட்டக்களப்பிலே கோயில்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. ஊர்க்கோயில் ஓர் ஊருக்கு உரியது. தேசத்துக்கோயில் பல ஊர்களுக்கும் பல குடிகளுக்கும் உரியது. பழைய அரசரின் மதிப்பும் மானியமும் பெற்றவையெனக் கூறப்படும் கோயில்கள் திருப்படைக்கோயில்கள் எனவும் வழங்கும். திருக்கோவில், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம், மண்டூர், சித்தாண்டி, வெருகல் முதலியன இவ்வரிசையில் வைத்து எண்ணப்படுவன. இவற்றுள் திருக்கோவில் மூத்தது என்னும் மதிப்பை மரபு அதற்கு வழங்கியுள்ளது.

தேசத்துக்கோயிலின் ஆட்சிமுறை நுணுகி நோக்கத்தக்கது. மட்டக்களப்பில் மக்கள் தாய்வழிக் குடிகளாகப் பிரிந்துள்ளனர். மகனும் மகளும் தாயின் குடியையே சார்வர். இம்முறை தமிழரிடையே மட்டுமன்றி இப்பகுதி முசுலிம் மக்களிடையேயும் உண்டு. குடிகளின் சார்பிற் கோயிற் கருமங்களை நடத்துவோர் வண்ணக்கர் எனப்படுவர். கோயிலில் இன்ன குடிக்கு இன்ன பணி, இன்னார்க்கு முன்னீடு, இன்ன நாள் திருவிழா இன்ன ஊரார்க்கு என வகுக்கப்பட்டிருக்கும். பூசை முடிவிலே பெயர் கூறி அழைத்து வரிசை வழங்கும்போது, எவருடைய பெயர் முதலில், எவருடைய பெயர் அடுத்து என்பது ஒரு சிறு விடயமாக அயலார்க்குத் தோன்றலாம். அங்குள்ளோர்க்கு அது அப்படியன்று. நிலவுரிமையும் தலைமையும் மணவுறவும் ஆகிய யாவும் அந்த ஒரு விளிப்பில் அடங்கியிருந்தன. எழுதிய அரசியல் யாப்பு இல்லாத ஒரு தேசத்துக்குக் கோயில் வரிசையே யாப்பாக இருந்தது எனலாம்.

இம்முறையிற் குறைகள் இல்லையென்பதற்கில்லை. சாதியும் தரமும் அதில் ஆழமாகப் பதிந்திருந்தன. ஊழியம் செய்யும் கடமை சிலர்மேற் சுமத்தப்பட்டது. முன்னீட்டு மதிப்புச் சிலர்க்கே கிடைத்தது. கடந்த நூற்றாண்டிலே கல்வியும் வாக்குரிமையும் பரவியபோது இவ்வொழுங்கு பல இடங்களில் எதிர்க்கப்பட்டது. எதிர்த்தோர் பக்கம் நியாயமும் இருந்தது. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். ஒரு சமுதாயம் தன் ஏற்றத்தாழ்வுகளையும் தன் ஒற்றுமையையும் ஒரே முற்றத்தில் ஒரே வேளையில் வெளிக்காட்டிய இடங்கள் பல இல்லை. அதனாலேயே நூர் யால்மன் போன்ற மானிடவியலாளர் தம்பிலுவிலைத் தேடி வந்தனர். 1967 இல் வெளிவந்த தமது நூலில் அவர் இவ்வூரின் குடிமுறைக்குத் தனியிடம் அளித்தார். டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு நெடுங்காலம் ஆராய்ந்து 2008 இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். கடல் கடந்து வந்தோர் இம்முற்றத்தைத் தேடிவந்து ஆராய, நம் பல்கலைக்கழக மாணவர் அதனைப் பேருந்தின் சாளரத்தாற் பார்த்துச் செல்வது பொருத்தமாகத் தோன்றவில்லை.

அழிவும் அடைக்கலமும்

1602 ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கடற்றளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கி, அங்கிருந்து உள்நாட்டுக்குச் சென்று கண்டியரசன் விமலதர்மசூரியனைக் கண்டான். இக்கரையின் பெறுமதியை ஐரோப்பியர் உணரத் தொடங்கிய காலம் அது. 1628 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை அமைத்தனர். பத்தாண்டுகளின் பின், 1638 மே மாதத்தில், இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயர் திருக்கோவிலின் பழைய கோயிலை இடித்தனர் என்பது அப்பகுதியில் உறுதியாக நிலவும் மரபு.

இதனோடு சேர்ந்து ஒரு செவிவழிச் செய்தியும் உண்டு. பகைவர் வருவதறிந்த அடியார், கோயிலின் புனிதப் பொருளை எடுத்துச் சென்று வாவிக்கு அப்பால் மண்டூரில் மறைத்தனர் என்பது அது. தில்லை மரத்தில் வேல் தானே வந்து தங்கிற்று என்னும் ஐதிகத்தோடு இது முரண்படுவது வெளிப்படை. எது மெய் என்று வழக்காடுவதிலும், இரண்டும் எதனை வற்புறுத்துகின்றன என்று நோக்குவதே பயன் தரும். இரண்டும் திருக்கோவிலையும் மண்டூரையும் உறவாகவே காட்டுகின்றன. எழுவான்கரை கடலுக்குத் திறந்தது. கப்பல் வழி வரும் பகைக்கும் திறந்தது. படுவான்கரைக்கோ வாவியே அகழி. ஆபத்து வந்தபோது எழுவான்கரை படுவான்கரையை நம்பிற்று என்பதை இச்செவிவழிச் செய்தி உணர்த்துகின்றது. குருமண்வெளித் துறையிலிருந்து பாதையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூர் செல்வோர், நீரின் அகலத்தைக் கண்ணாற் கண்ட மாத்திரத்தே இக்கதையின் நியாயத்தை உணர்வர்.

நடந்து செல்வோர் காத்த வழி

நான்காவது காரணம் கதிர்காம யாத்திரை. வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார், முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர் வழியாகத் திருக்கோவிலை அடைந்து, பொத்துவில், பாணமை, உகந்தை எனச் சென்று காட்டினுட் புகுவர். குமுக்கனாற்றைக் கடந்து, நாவலடி, வியாளை முதலிய இடங்களிலே தங்கிக் கதிர்காமத்தை அடைவர். ஒன்றரைத் திங்களுக்கு மேற்பட்ட நடை. திருக்கோவில் இந்நெடுவழியிலே ஊரும் வயலும் உள்ள நாட்டின் இறுதிப் பெரும் கோயில். இதற்கப்பால் ஊர்கள் அருகிக் காடு நெருங்கும். ஆதலால் அடியார் இங்கே இளைப்பாறி, அரிசியும் பருப்பும் சேர்த்துக்கொண்டு, வருங்காட்டுக்கு மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்வர். அவர்களுக்குச் சோறிடுவதை ஊரார் தம் கடமையாகக் கொள்வர்.

இந்த நடைவழி பலமுறை அற்றுப்போகும் நிலையை எய்திற்று. ஆங்கிலேயர் காலத்தில் நோய்ப் பரம்பலை அஞ்சிக் கதிர்காம யாத்திரைக்கு அரசாங்கம் கட்டுப்பாடுகளை விதித்தது. 1910 ஆம் ஆண்டு அம்பாந்தோட்டையில் அதிகாரியாக இருந்த லெனாட் வூல்ப், கதிர்காமத் திருவிழாவை நேரிற் சென்று மேற்பார்வை செய்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். பின்னர் நல்ல தெருக்களும் பேருந்துகளும் வந்தபோது, மொனராகலை, புத்தளை வழியாக ஒரே நாளிற் கதிர்காமம் சேர முடிந்தது. நடப்போர் தொகை குறைந்தது. 1983 ஆம் ஆண்டின் பின் எழுந்த போர்ச்சூழல் யாத்திரையை நிறுத்தியே விட்டது. 1988 ஆம் ஆண்டு அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் முன்னின்று ஊக்க, ஒரு சிறு கூட்டம் மீண்டும் நடந்தது. போர் நடந்த ஆண்டுகளிலும் இடையிடையே தொடர்ந்த அந்நடை, இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் உகந்தைக் காட்டுவழியிற் புகுமளவுக்கு வளர்ந்துள்ளது.

இவ்வழி இணைத்து வைத்த உலகத்தை எண்ணிப் பார்த்தல் தகும். பாணமையிலே சிங்களரும் தமிழரும் பல தலைமுறையாகக் கலந்து வாழ்கின்றனர். கதிர்காமத்திலே கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஒரே வீதியில் உள்ளன. வள்ளி வேடர் மகள் என்பதை வேடர் இன்றும் பெருமையாகக் கூறுவர். நிருவாக எல்லைகளும் தேர்தல் எல்லைகளும் மக்களைப் பிரித்த காலத்தும், கால்நடையாகச் செல்வோர் இவ்வெல்லைகளைக் குறுக்கறுத்துச் சென்று வந்தனர்.

தம்பிலுவிற் கண்ணகை

ஐந்தாவது காரணம் திருக்கோவிலை ஒட்டிய தம்பிலுவிலில் உள்ளது. அங்குள்ள கண்ணகை அம்மன் கோயில் மட்டக்களப்புப் பகுதியின் தொன்மையான கண்ணகை கோயில்களுள் ஒன்று. வைகாசியிலே சடங்கு நிகழும்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படும். இறுதியிற் குளிர்த்தி நடைபெறும். மதுரையை எரித்தவளின் சினத்தைத் தணித்து, மழையும் விளைவும் வேண்டுதலே குளிர்த்தியின் பொருள். சிலப்பதிகாரத்தைப் பாடநூலாக மட்டும் கற்றவர்க்கு இது வியப்பூட்டும். தமிழகத்தில் ஏட்டிலே நின்ற கண்ணகி, இங்கு வயலுக்கும் நோய்க்கும் பொறுப்பான தாயாக வாழ்கின்றாள். வடசேரி, தென்சேரி எனக் கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமுமாகப் பிரிந்து மக்கள் ஆடும் கொம்பு முறித்தல் விளையாட்டு, தெற்கே பாணமையிலே பத்தினித் தெய்வத்துக்குச் சிங்கள மக்கள் ஆடும் அங்கெலியவோடு உடன்பிறந்தது. ஒரே தெய்வம், ஒரே ஆட்டம், இரு மொழி.

திருக்கோவிலில் வேல், தம்பிலுவிலிற் கண்ணகை என இரு வழிபாடுகளும் ஒரு மைல் தொலைவுக்குள் அடுத்தடுத்து நிற்பதும் கருதத்தக்கது. வேலாயுதர் கோயில் தேசத்தின் வரிசையையும் தலைமையையும் பேண, கண்ணகை கோயில் ஊரின் மழையையும் உடல்நலத்தையும் பேணியது.

இப்போது ஏன் செல்ல வேண்டும்?

மேற்கூறிய காரணங்கள் எக்காலத்துக்கும் உரியன. இக்காலத்துக்கே உரிய காரணமும் ஒன்று உண்டு. இக்கரை நிலையானதன்று. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை ஈழத்தில் மிகுதியான உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்திலேதான். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். அண்மைய ஆண்டுகளில் திருக்கோவிற் கரையைக் கடலரிப்பு அணுவணுவாகத் தின்று வருகின்றது. கோயிலுக்கும் அலைக்கும் இடைப்பட்ட மணல் குறுகி வருவதை ஊர் முதியோர் கவலையோடு சுட்டிக்காட்டுவர். 2018 ஆம் ஆண்டு இக்கரையிலே இல்மனைட் மணல் அகழும் முயற்சிக்கு எதிராக மக்கள் திரண்டெழுந்ததும் இவ்வச்சத்தினாலேயே.

கரையைப் போலவே நினைவும் அரிபடுகின்றது. குடிகளின் வரிசையை மனத்திலிருந்து சொல்லவல்ல முதியோரும், வழக்குரையை ஏடு பாராது படிப்போரும் நாளுக்குநாள் குறைந்து வருகின்றனர். கல்வெட்டு அழிந்தால் அதன் படியேனும் எஞ்சும். ஒரு வண்ணக்கரின் நினைவு அழிந்தால் அதற்குப் படியில்லை. ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொரு மாணவனின் சட்டைப்பையிலும் இருக்கும் காலம் இது. அதனைக் கொண்டு ஒரு விடுமுறைக் காலத்திற் செய்யக்கூடிய பணி, பின்னர் எத்தனை பேராசிரியர் கூடினாலும் செய்ய இயலாததாகலாம்.

செல்ல விரும்புவோர்க்கு இரு பருவங்கள் ஏற்றன. கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முந்திய வாரங்களிற் சென்றால், நடந்துவரும் அடியாரைக் கோயில் வீதியிலே காணலாம். அவர்களோடு பொத்துவில் வரையேனும் நடக்கலாம். ஆடி அமாவாசையை ஒட்டிச் சென்றால் திருக்கோவிலின் சொந்தத் திருவிழாவையும், அதன் முடிவிற் கடலில் நிகழும் தீர்த்தத்தையும் காணலாம். முன்னதில் வழியின் வரலாறும் பின்னதில் தேசத்தின் வரலாறும் விளங்கும். இயலுமாயின் இரண்டையும் காண்பது நன்று. செல்லும்போது வழியிலே காரைதீவிலும், வாவி கடந்து மண்டூரிலும், தம்பிலுவிற் கண்ணகை முற்றத்திலும் தங்கிச் செல்லல் வேண்டும்.

கல் ஒன்றைச் சொல்கின்றது. ஏடு இன்னொன்றைச் சொல்கின்றது. கோயில் வரிசை மூன்றாவதொன்றைச் சொல்கின்றது. நடந்து வருவோன் நான்காவதொன்றை அறிவான். இந்நான்கும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் இடமாகத் திருக்கோவில் இருப்பதே அதன் தனிச்சிறப்பு. நம் வரலாற்றைப் பிறர் எழுதுகின்றனர் என்று குறைகூறுவோர் நம்மிற் பலர். அக்குறையைத் தீர்ப்பதற்கு முதலில் வேண்டுவது, நம் கால்கள் அவ்விடத்தை மிதித்திருத்தலே. அக்கரைப்பற்றிலிருந்து தெற்கே செல்லும் பேருந்து திருக்கோவிலில் நிற்கத்தான் செய்கின்றது; இறங்குவது நம் பொறுப்பு.